தானாகச் சேர்ந்த இரண்டு எழுத்து

பிரசவ ஆஸ்பத்திரியின் புது மென்பொருளுக்கு ஃபார்முலா எழுதுபவள் அவள். தாயின் பெயரிலுள்ள வீண் இடைவெளிகளை நீக்கி, பின்னால் ‘குழந்தை’ என்று ஒட்டினால், பிள்ளையின் கைப்பட்டைக்கு வாசகம் தயார்.

அன்று மாடியில் அவளுடைய அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணினிப் பட்டியலில் அக்காவின் வரியில் மட்டும் ‘குழந்தைகள்’ என்று வந்தது. ஃபார்முலாவில் ‘கள்’ இல்லவே இல்லை. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் ‘குழந்தைகள்’.

மாடியில் அக்காவோடு இருந்த அம்மாவுக்குப் போன் செய்தாள். “டாக்டரை உடனே பாக்கச் சொல்லும்மா. உள்ள இன்னொண்ணு இருக்கு.”

“ஸ்கேன்ல ஒண்ணுதானேடி இருந்துச்சு?”

“ஸ்கேன் தப்பா இருக்கலாம். என் ஃபார்முலா தப்பாது.”

சற்று நேரத்தில் இரண்டாவதாக ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். மூச்சுத் திணறியவனைத் தட்டி அழவைத்தார்கள்.

அவளே பட்டை கட்டப் போனாள். அதுவரை வீறிட்டவன் சட்டென்று அழுகையை நிறுத்தி, வெகுநாள் பழகியவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.