இன்குபேட்டரில் இட்லி மாவு

லேப் இன்குபேட்டரைத் திறந்த ஹம்சாவுக்குப் பகீரென்றது. அவள் வளர்க்கும் ஈஸ்ட் குடுவைக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு. மூடியைத் தள்ளிக்கொண்டு இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது.

டெல்லி ஜனவரிக் குளிரில் எந்த வீட்டிலும் மாவு புளிக்காதுதான். அதற்காக உயிர்வேதிப் பொறியியல் லேபிலா கொண்டுவந்து வைப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தானா கல்லூரி டைரக்டர் ரவுண்ட்ஸ் வரவேண்டும்? கூடவே துறைத்தலைவர் ராஜாராமன்.

"யே க்யா ஹை?" என்று தூக்கைக் காட்டிக் கேட்டார் டைரக்டர்.

மொத்த வகுப்பும் ஹம்சாவைப் பார்த்தது. அந்த வகுப்பில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான்.

ராஜாராமன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். பிள்ளைகள் கையில் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாலே போதும் என்றார். ஹம்சா இனி லேப் பக்கமே வரக்கூடாதாம்.

ஹம்சா தன் ஈஸ்ட் குடுவையைப் பார்த்தாள். இரண்டு வருஷம் புத்தகத்தில் படித்ததை இப்போதுதான் சொந்தக் கையால் செய்துபார்க்கிறாள்.

"அந்தத் தூக்கு என்னோடது, சார்."

சொன்னது லேப் வகுப்பு எடுக்கும் சுந்தரவல்லி மேடம். மாணவர்களே எல்லாவற்றையும் தொட்டுச் செய்யவேண்டும் என்று துறையில் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டியவர்.

மாலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு டைரக்டர் நடந்தார். ராஜாராமன் தூக்கின் பக்கம் திரும்பாமல் அவசரமாகப் பின்னால் போனார்.

மேடம் கையுறை மாட்டிக்கொண்டு மாவைத் துடைக்க ஆரம்பித்தார். ஹம்சா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க. ஆனா சத்தியமா அது என்னோடது இல்ல."

"உன்னோடது இல்லையா?" மேடத்தின் கை அப்படியே நின்றது. "நீ வச்சுட்டு முழிக்கிறேன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேடத்தின் செல்போன் அடித்தது. கையுறையெல்லாம் மாவு. ஸ்பீக்கரில் போடும்படி கண்ணைக் காட்டினார், ஹம்சா போட்டாள்.

ராஜாராமன் சாரின் மனைவி.

"சுந்தரவல்லி, எங்காத்துக்காரர் போனையே எடுக்கமாட்டேங்கறார். நேத்திக்கு அவர்கிட்ட ஒரு தூக்கு மாவு கொடுத்தனுப்பினேனே, உங்க லேப்ல நன்னாப் பொங்கித்தா?"