இடிந்த ஆலைக்கு முன்னால் பத்து நிமிடம்

ஹரிபிரசாத் கையைத் தூக்கியதும் சங்கிலிமுத்து டூரிஸ்ட் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

சாத்தூருக்கு மேற்கே, வெடித்துத் தரைமட்டமாகிக் கிடக்கும் பட்டாசு ஆலை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த வழியே தேவையில்லை. கைடு ஹரிபிரசாத்துக்குத் தேவை. கோயில் கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் இங்கே வந்தால் அழுவார்கள். அழுதவர்கள்தான் நெட்டில் அவனுக்கு ஐந்து நட்சத்திரமும் போடுவார்கள்.

காலையிலேயே சங்கிலிமுத்து சொல்லிப் பார்த்தார். "இன்னைக்கு அங்கன நிப்பாட்ட மாட்டேன் தம்பி. நெனச்சாலே கொமட்டுது."

"அப்ப நாளையிலருந்து வேற டிரைவரப் பாத்துக்கிடுறேண்ணே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு பஸ்ஸை யார் நம்பிக் கொடுப்பார்கள்? நிறுத்திவிட்டார்.

பதினெட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். ஹரிபிரசாத் மைக்கைப் பிடித்தான். சிதறிய சுவரைக் காட்டினான், பாதி கருகிய வேப்பமரத்தைக் காட்டினான். பிறகு, எப்போதும் போல, அவன் விரல் டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பியது.

சங்கிலிமுத்துவின் இங்கிலீஷ் லெஃப்ட், ரைட்டோடு சரி. ஆனால் இந்தக் கதை அவருக்கு மனப்பாடம். டிரைவரின் மனைவி முத்துமாரி, தீ, சாவு, தாயில்லாப் பிள்ளைகள். போன மாதம் இரண்டாக இருந்த பிள்ளைகள் இந்த மாதம் மூன்றாகியிருந்தார்கள். வெட்கங்கெட்ட பயல்.

கதையில் அந்தச் சாவு வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். குனிந்தார். தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். யாரோ செல்போனை நீட்டி அவர் குனிந்திருப்பதைப் படம் எடுத்தார்கள்.

முன் இருக்கையிலிருந்த வெள்ளைக்கார அம்மா எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "முத்துமாரி, முத்துமாரி" என்று வாய் கோணச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது.

ஹரிபிரசாத் மைக்கைப் பொத்தினான். "எடுக்காதீகண்ணே."

சங்கிலிமுத்து கையை உருவிக்கொண்டு எடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து "என்ன புள்ள" என்பதைத் தாண்டி வேறு மாதிரி வீட்டிலிருந்து வரும் போனை எடுத்தறியாத மனிதர். ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, கடைசி இருக்கைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சொல்லு, முத்துமாரி!"

மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றது.

"என்ன இது, பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுறீக?" என்றது போன். "பக்கத்துல ஆளு யாரும் இல்லையா?"