சுமாரான மாணவி

ஐந்தாவது பல்கலைக்கழகமும் கையை விரித்துவிட்டது. சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்கு இடம் கேட்டுத் தவம் கிடந்த தங்கை, ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தப் படிப்பின் தலையும் புரியாது, வாலும் புரியாது. தங்கை கெட்டிக்காரி என்பது மட்டும் தெரியும்.

"அப்படி என்னதான் குறையாம் உங்கிட்ட?"

"அங்க படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தங்க விசாரிச்சுச் சொன்னாங்க. மார்க்கு, ஆராய்ச்சித் திட்டம் எல்லாம் பிரமாதமாம். புரொஃபசரோட சிபாரிசுக் கடிதம்தான் சவசவன்னு இருந்துச்சாம். 'சுமாரான மாணவி, சொன்ன வேலையைச் செய்வார்'னு."

"சுமாரா? எந்தப் படுபாவி அப்படி எழுதினான்? கிளம்பு! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்."

சட்டையை மாட்டி, ஒரு காலில் செருப்பும் போட்டுவிட்டான். அவள் அசையவில்லை.

"அவர் எழுதலண்ணா. 'எனக்கு நேரமில்ல, நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்'னார். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்ப... நீயேவா?"

"நம்மளை நாமே எப்படிண்ணா புகழ்றது? கூச்சமா இருந்துச்சு. தன்னைத் தானே மெச்சிக்கிறவங்க உருப்பட மாட்டாங்கன்னு நீதானே சொல்லுவ?"

அண்ணன் செருப்பைக் கழற்றினான்.

"சரி, இன்னும் மூணு இடம் பாக்கி இருக்கே. அதுக்காவது மாத்தி எழுது."

"எல்லாத்துக்கும் அதே கடிதம்தாண்ணா. அன்னைக்கே போயிடுச்சு."

கவிழ்ந்து கிடந்த ஃபோன் மேசைமேல் அதிர்ந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.