இடப்பக்கக் கதவு

காரைச் சுற்றி வந்த இன்சூரன்ஸ்காரப் பையன் இடப்பக்கக் கதவின் முன்னால் நின்றுவிட்டான்.

பாலிசிக்குத் தேதி தாண்டிப்போயிருந்தது. அப்படித் தாண்டினால் வண்டியை நேரில் பார்த்துப் படம் பிடித்த பிறகுதான் புதுப்பிப்பார்களாம். அதற்காகவே டிரைவர் விடிந்ததிலிருந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க நசுங்கல்தான் எடுப்பாகத் தெரிந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். ஓட்டிய காலமெல்லாம் பஸ்ஸில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. அதை அவர் வாயால் கேட்காதவர் அந்தத் தெருவில் கிடையாது.

"இது எப்படி ஆச்சுங்கய்யா? யாரு ஓட்டுனது?"

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசற்படியிலிருந்து மகளின் குரல் வந்தது.

"நான்தான். கேட்டுக்குள்ள திருப்பும்போது தூண்ல இடிச்சிட்டேன்."

பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதானே பார்த்தேன்! ஐயா கைபட்டா இப்படி ஆகுமா? ஏன்க்கா, வீட்டுலயே இவ்வளவு பெரிய ஆள வச்சுக்கிட்டு ஒழுங்கா கத்துக்கக் கூடாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

டிரைவருக்குக் காது மடல் சுட்டது. இந்த இடத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது தம்பி. கண்ண எங்கயோ வச்சுக்கிட்டு ஓட்டுறது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பையனைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்.

மனைவி பையனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சரிசெய்யும்வரை அதற்கு மட்டும் நஷ்டஈடு கிடைக்காது, மற்றபடி நாளைக்கே பாலிசி வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பையன் பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

டிரைவர் துணியை எடுத்தார். துடைத்த கதவையே மறுபடியும் துடைத்தார். மகள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும்.

அவள் போகவில்லை. அவருக்கு இடது புறமாக வந்து நின்றாள். தோளைத் தொட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தூக்கிவாரிப் போட்டது.

"இந்தக் கண்ணு எத்தனை நாளாப்பா தெரியல?"

துணி அப்படியே நின்றது.

கதவு நசுங்கியது போன வாரம். மகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியதோ நேற்றுச் சாயங்காலம்.

கடைத்தெருவில் நிறுத்தியிருந்த வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்றுதான் அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். முகம் தெரியாத அந்த எவனோவை நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தார். மனைவியும் அவரோடு சேர்ந்து திட்டினாள்.

பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா."

மகள் அவரது மறு கையிலிருந்த கார் சாவியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அம்மாதாம்ப்பா போன் பண்ணி என்னை வரச் சொன்னாங்க."