மேட்டுப் புல்வெளியில் ஒரு கூடு

"அங்கே முளை அடிக்காதே, ஆரின். புல்லுக்குள்ள குருவிக் கூடு இருக்கு," என்றாள் வெர்னா.

மேட்டுப் புல்வெளியில் குனிந்திருந்த அவள் கணவன் நிமிர்ந்தான். "பாபோலிங்க் குருவிதானே? நாம வீடு கட்டினா அது பக்கத்து வயலுக்குப் போயிடும். அதுக்கென்ன, பேங்க் லோனா வாங்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. சித்தி விட்டுப்போன பணத்தில் அவள் பெயரில் வாங்கிய நிலம் அது. என்றைக்கும் புல்வெளியாகவே விட்டுவிடுவதாக வெர்மான்ட் மாநிலத்து நில அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தால் வருமான வரி குறையும். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த ஓர் இடத்துக்காகத்தான் வசந்தம் முழுக்க இந்தப் பேச்சு.

"ஊர்ல பாதி வீடு நான் கட்டினது. எனக்குன்னு ஒண்ணு, இந்த மலையைப் பார்த்தாப்புல. கேக்கக் கூடாதா?"

"அந்த வீட்டு இடத்தையும் விட்டுக்கொடுத்தா வரி இன்னும் குறையும்." இதையே எத்தனை முறை சொல்வது. அவளுக்குக் கால் வலித்தது. மனம் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், ஆரின் இழைக்காமலே விட்டிருந்த, சிராய் குத்தும் பலகைத் தரையில் சேற்றுக் காலணியோடே நடந்தாள். குளியலறை வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய கம்பளியை விலக்கி முகம் கழுவினாள். வெளியே ஆரின் புது வீட்டு மாடிப்படியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். அந்தக் குரலின் உற்சாகம் அவளுக்குத் தெரிந்ததுதான். எந்த வீட்டைத் தொடங்கும்போதும் அவனுக்கு அது வரும்.

கையெழுத்துப் போடும் நாளில் அவன் வரவில்லை. "போயும் போயும் ஒரு குருவிகிட்ட தோத்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"வீட்டுக்கு இடமே வேணாம்னு எழுதிட்டா, அப்புறம் யாராலயும் மாத்த முடியாது," என்றார் அறக்கட்டளையின் ஹாலிஸ். "யோசிச்சுட்டீங்களா?"

"என் வீட்டுக்காரராலயும் முடியாதுல்ல?"

"முடியாது."

வெர்னா கையெழுத்திட்டாள். பேனாவை மூடிய பிறகுதான் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள்.

"குருவிங்க மேல இவ்வளவு பிரியம் வெச்ச ஒருத்தரை நான் பார்த்ததில்லை," என்றார் ஹாலிஸ்.

"அந்தக் குருவியை நான் பார்த்ததே இல்லைங்க. புதுசா கட்ட வீடு இல்லேன்னாத்தான், அவர் எங்க குளியலறைக்குக் கதவு போடுவார்."