மிலிட்டரி செலவு

வெங்காயம்கூட நுழையாத கீழ்க்கட்டளை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த கோவர்த்தனன், இப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"மிலிட்டரி செலவு பத்து வருஷமா எப்படிப் போகுது, தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா பக்தவச்சலம், பட்ஜெட் செய்தி வந்த பேப்பரை மடித்தபடி.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! மைதிலியை வேறு பார்த்ததுமே பிடித்துத் தொலைத்துவிட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை, வியர்வைதான் வந்தது.

"எண்பத்தேழுல எக்கச்சக்கம் சார். தொண்ணூத்தொண்ணுல விலைவாசி ஏறினதும் வெட்டியாச்சு."

"வெட்டினது சரியா?"

"கஷ்டமாத்தான் இருந்தது."

"இனிமே?"

"கல்யாணம் ஆனா... அடியோட நிறுத்திடலாம் சார்."

"உங்க கல்யாணத்துக்காக நாடு ராணுவத்தையே கலைக்கணுமா?"

"நாடா?" கோவர்த்தனன் உளறிவிட்டான். "நான் தாம்பரம் மிலிட்டரி ஓட்டலைச் சொன்னேன் சார்... மட்டன்..."

பக்தவச்சலம் எழுந்தார். வாசலைக் காட்டப்போகிறார் என்று இவன் கண்ணால் செருப்பைத் தேடினான். அவரோ சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க, மாப்ளே. அங்க ஈரல் வறுவலை ஏன் நிறுத்திட்டான்?"