கடைசிச் சீட்டு

தொண்டியில் மதியக் காற்று உப்போடு வீட்டுக்குள் வருகிறது. காலையில் மாஷிதா சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிய ஸ்பானிஷ் வார்த்தைச் சீட்டுகளில் பாதி கீழே கிடக்கின்றன. பருக்கையை எறும்பு தின்றுவிட்டது. மீன் வறுத்த கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒட்டுகிறாள். கதவுக்குப் புவெர்த்தா, குடத்துத் தண்ணீருக்கு அகுவா, கட்டிலுக்குக் காமா. பார்சிலோனாவில் ஓட்டல் வேலையிலிருக்கும் கணவன் சஃபீர், பிள்ளைகள் பேசிப் பழகட்டும், இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான். விசாதான் வந்தபாடில்லை. அவள் சொல்லச் சொல்ல சுஹாவும் தம்பி ஆதிலும் ஓடித் தொடுகிறார்கள். "காமா" என்கிறாள், அதில் போய் விழுந்தால் தேவலை என்ற குரலில். கட்டில் கிரீச்சிடுகிறது. "ஏலே ஆதிலு, மெதுவா." கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். "அதையும் சொல்லுங்க உம்மா" என்கிறாள் சுஹா. "பாத்ரே. வாப்பான்னு அர்த்தம்." சுஹா ஓடவில்லை, உம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். வாப்பாவை நேரில் பார்த்தேயிராத ஆதில் மட்டும் ஓடிப்போய், சன்னலோரம் சார்ஜில் கிடக்கும் போனைத் தொடுகிறான். "நாந்தான் ஃபர்ஸ்ட்டு!" மாஷிதா இன்னொரு பருக்கையை நசுக்கி, சீட்டைப் போனின் முதுகில் ஒட்டுகிறாள்.